பாறையில் இருக்கும் ஈயத்தையும் காற்றில் வந்த ஈயத்தையும் லைக்கனில் எப்படிப் பிரிக்கிறார்கள்? (துருவப் பகுதி ஆய்வுகள்)

வளவு_மெய்யம்மை, காரைக்குடி

வணக்கம். எம்.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதக் கருத்தரங்குக்கு நான் எடுத்திருக்கும் தலைப்பு: ஆர்க்டிக்கிலும் அண்டார்டிகாவிலும் காற்றுவழி வந்து சேரும் கன உலோகங்களை லைக்கன்களைக் (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிரிகள்) கொண்டு கண்காணிப்பது. படித்த கட்டுரைகளில் எல்லாம் ஓர் அட்டவணை இருக்கிறது. ஈயம் இவ்வளவு, காட்மியம் இவ்வளவு, நிக்கல் இவ்வளவு, கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில். அடுத்த பக்கத்திலேயே "தொலைதூர மாசு இங்கும் வந்துவிட்டது" என்று முடித்துவிடுகிறார்கள். இடையில் என்ன நடந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

லைக்கன் உட்கார்ந்திருப்பது பாறையில். பாறையிலேயே கொஞ்சம் ஈயம் இருக்கும். அங்கே பறக்கும் தூசியும் அந்தப் பாறை பொடிந்ததுதானே? அப்புறம் எதை வைத்து இது வேறெங்கிருந்தோ வந்தது என்கிறார்கள்? காற்றை உறிஞ்சி வடிதாளில் பிடிக்கும் கருவி இருக்கும்போது லைக்கனை ஏன் நம்ப வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

இன்னொன்று எங்கள் ஆயா கேட்டது. வீட்டில் கறி மசாலா வறுத்து அரைத்து விற்கிறார்கள். நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "நம்ம போடுற கல்பாசியும் இதே சாதிதானே, அப்ப அதுலயும் இந்த ஈயம் இருக்குமா?" என்றார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மைத்ரி_கோடை, கானாடுகாத்தான்

ஆத்தா, அந்த அட்டவணைக்கும் முடிவுரைக்கும் இடையில் உள்ள இடம்தான் இந்த வேலையே. நான் வேதிப் பகுப்பாய்வில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்தபோது ஒரு கோடைப் பருவம் அண்டார்டிகாவில் உள்ள நம் நாட்டு ஆய்வு நிலையமான மைத்ரியில் இருக்க வாய்த்தது. அங்கே கோடை என்றால் நமக்கு மார்கழி, தை. பார்த்ததையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மைத்ரி இருப்பது ஷிர்மாக்கர் ஒயாசிஸ் என்ற இடத்தில். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளத்துக்குப் பனி மூடாத குன்றுகள், நடுநடுவே 100-க்கு மேல் ஏரிகள். மரம் இல்லை, புல் இல்லை. அண்டார்டிகா முழுவதற்குமே பூக்கும் தாவரம் இரண்டுதான், அவையும் தீபகற்பத்துப் பக்கம்தான். ஆனால் லைக்கன் ஏறத்தாழ 400 வகை. ஷிர்மாக்கரில் காற்று நேராக அடிக்காத பாறை இடுக்கைப் பார்த்தால் கறுப்பாக அம்பிலிகேரியா, ஆரஞ்சு நிறத்தில் சாந்தோரியா, குட்டிப் புதராக அஸ்னியா. லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் லைக்கன் ஆய்வாளர்கள் இந்தப் பகுதி லைக்கன்களைச் சேகரித்து வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதைக் கட்டாயம் தேடிப் படி. நம் நாட்டுக்காரர்கள் செய்த வேலை கருத்தரங்கில் இடம்பெறட்டும்.

கருவியைப் பற்றிக் கேட்டாய். காற்று உறிஞ்சிக்கு மின்சாரம் வேண்டும். அங்கே மின்சாரம் இருக்கும் இடத்தில் ஜெனரேட்டர் இருக்கும். ஜெனரேட்டர் இருக்கும் இடத்தில் அதன் புகையும் வடிதாளில் ஏறும். நிலையத்தைவிட்டு விலகிப் போய், ஆளில்லாத குன்றுகள் ஐம்பதில் அளக்க வேண்டுமென்றால் ஐம்பது கருவிக்கு எங்கே போவது? லைக்கன் அங்கே முன்பே உட்கார்ந்திருக்கிறது, பல பத்தாண்டுகளாக. வடிதாள் ஒரு வாரத்துக் காற்றைச் சொல்லும். லைக்கன் நெடுங்காலக் காற்றைக் கூட்டிச் சொல்லும். அதனால் இரண்டுமே வேண்டும். லைக்கன் கருவிக்கு மாற்று என்று மட்டும் எழுதிவிடாதே.

லைக்கன் உலோகத்தைப் பிடித்து வைப்பதற்குக் காரணம் அதன் உடம்புதான். பூஞ்சையும் பாசியும் (சிலவற்றில் நீலப்பச்சை பாக்டீரியாவும்) கூடி வாழும் உடம்பு அது. வேர் கிடையாது. இலைக்கு மேல் இருக்கும் மெழுகுப் பூச்சு கிடையாது. இலைத்துளை கிடையாது, ஆகவே மூடிக்கொள்ளவும் வழியில்லை. பனித்தூள், ஈரப்பதம், தூசி எது மேலே விழுந்தாலும் அதிலிருந்துதான் தாதுச் சத்து. நுண்துகள்கள் பூஞ்சை இழைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கின்றன. கரைந்து வரும் உலோக அயனிகளைச் செல்சுவரில் உள்ள எதிர்மின் இடங்கள் பிடித்துக்கொள்கின்றன. கொஞ்சம் செல்லுக்குள்ளும் போகிறது. செடிபோல ஆண்டுதோறும் இலை உதிர்த்துக் கழிக்கும் வழக்கமும் இல்லை.

இப்போது உன் முக்கியமான கேள்வி.

முதல் வடிகட்டல் இனத் தேர்விலேயே நடந்துவிடுகிறது. பாறையோடு பூச்சாக ஒட்டிப்போன லைக்கனைச் சுரண்டினால் பாறைத் தூளும் சேர்ந்து வரும், அளவு கெட்டுப்போகும். அதனால்தான் அம்பிலிகேரியாவைத் தேடுகிறார்கள். அது நடுவில் தொப்புள்போல ஒரே ஒரு புள்ளியில்தான் பாறையைப் பற்றியிருக்கும். அந்த நடுப்பகுதியை நீக்கிவிட்டு மற்றதை எடுத்தால் பாறையின் கலப்பு வெகுவாகக் குறையும். அஸ்னியாவும் அப்படியே, அடிக்காம்பு மட்டும்தான் கல்லில் இருக்கும். அண்டார்டிகா ஆய்வுகளில் இந்த இரண்டு பேரினங்களும் திரும்பத் திரும்ப வருவதை நீயே பார்த்திருப்பாய்.

அப்படியும் தூசி வந்து விழத்தான் செய்யும். அதைக் கழிக்கத்தான் செறிவூட்டல் காரணி என்ற கணக்கு: தூசியோடு வந்திருக்க வேண்டியதைப்போல எத்தனை மடங்கு உலோகம் இருக்கிறது என்ற எண். ஆயாவுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு வீட்டு மசாலாவில் மல்லிக்கு இவ்வளவு மிளகாய் என்று கைப்பக்குவம் இருக்கிறது. குழம்பில் மல்லி கொஞ்சமாகவும் மிளகாய் அதிகமாகவும் இருந்தால், மிளகாயை யாரோ தனியாகப் போட்டிருக்கிறார்கள் என்று நாக்கு சொல்லிவிடும். இங்கே மல்லி என்பது அலுமினியம். புவியோட்டின் மேற்பகுதியில் அலுமினியம் கிலோவுக்கு ஏறத்தாழ 80,000 மில்லிகிராம், ஈயம் ஏறத்தாழ 17. ஒரு லைக்கன் மாதிரியில் அலுமினியம் 800 வந்தது என்று வைத்துக்கொள். அது தூசியின் வேலை. அந்தத் தூசியோடு வந்திருக்க வேண்டிய ஈயம் 0.17 மட்டுமே. நீ அளந்ததோ 4 என்றால், 4-ஐ 0.17-ஆல் வகுத்தால் 23-க்கு மேல். ஒன்றை ஒட்டி வந்தால் உள்ளூர் மண். பத்தைத் தாண்டினால் வேறு மூலம் இருக்கிறது என்று சந்தேகப்பட நியாயம் உண்டு. இந்த 4, 800 எல்லாம் கணக்குக் காட்ட நான் போட்ட எண்கள், எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல.

உலகச் சராசரிப் புவியோட்டை வைத்துக் கணக்குப் போடுவதைவிட, அந்தக் குன்றின் பாறையையும் மண்ணையும் எடுத்து அளந்து அதை வைத்துப் போடுவதுதான் சரி. இதைச் செய்யாத கட்டுரைகள் இருக்கின்றன. எனக்கு அவற்றின் மேல் மதிப்பு குறைவு.

பத்தைத் தாண்டிவிட்டது என்பதாலேயே தொழிற்சாலைப் புகை என்றும் ஆகிவிடாது. கடலோரமாக இருந்தால் பென்குயின் குடியிருப்பைப் பார். அவை தின்பது கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர், கிரிலில் செம்பும் காட்மியமும் கூடுதல், எச்சத்தின் வழியே அது கரைக்கு வருகிறது. அண்டார்டிகாவின் ராஸ் தீவில் எரெபஸ் எரிமலை உயிரோடு இருக்கிறது, அதன் புகையிலும் உலோகம் உண்டு. செம்பும் துத்தநாகமும் லைக்கனுக்கே தேவையான சத்துகள், தானாகவே எடுத்துச் சேர்க்கும். பாதரசம் இன்னும் சிக்கல். துருவத்தில் இளவேனிலில் சூரியன் திரும்பும்போது, கடற்பனியிலிருந்து வரும் புரோமின் காற்றிலுள்ள பாதரச ஆவியை வினைபுரிய வைத்து ஒரே வீச்சில் தரையில் இறக்கிவிடுகிறது. கனடாவின் அலெர்ட்டில் 1995-இல்தான் இதை முதலில் கவனித்தார்கள். ஆகவே கடலோர லைக்கனில் பாதரசம் கூடியிருந்தால் பக்கத்தில் ஆலை இருக்க வேண்டும் என்பதில்லை.

ஈயத்துக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது: அதன் ஐசோடோப்புகள், அதாவது எடையில் வேறுபடும் ஈய அணுக்கள். ஈயம்-206-க்கும் 207-க்கும் உள்ள விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும், உருக்கினாலும் எரித்தாலும் மாறாது. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் தாதுவில் அது ஏறத்தாழ 1.04, மிகவும் குறைவு. அண்டார்டிகாவில் ஆழமாகத் துளைத்தெடுத்த பனித்தண்டுகளில் அந்த அடையாளத்தோடு ஈயம் 1889-ஐ ஒட்டியே இறங்கியிருப்பதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமுண்ட்சென் தென்துருவத்தில் கால் வைத்தது 1911 டிசம்பரில். மனிதன் போவதற்கு இருபதாண்டுக்கு முன்பே அவன் உருக்கிய ஈயம் போய்விட்டது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இந்த விகிதத்தை லைக்கனிலும் பார்க்கலாம். உன் கருத்தரங்கில் உலோக அளவு மட்டும் உள்ள கட்டுரையையும் ஐசோடோப்பு பார்த்த கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வை. வித்தியாசம் தானே தெரியும்.


பலசரக்கு_முனை, காரைக்குடி

ஆயாவோட கேள்விக்கு நான் சொல்றேன். மூணு தலைமுறையா பலசரக்கு. கல்பாசி இந்த ஊர்ல விளையாது. கொடைக்கானல், ஏற்காடு பக்கத்து மலையிலேர்ந்து வரும், வடக்கே இமயமலைப் பக்கத்திலேர்ந்தும் மூட்டை மூட்டையா வரும். எல்லாம் மொத்த வியாபாரிகிட்ட கலந்துதான் வருது. மேல வெளிறின சாம்பல், அடியில நல்ல கறுப்பு, கையில நொறுங்கணும், வாசம் மண் வாசமா இருக்கணும். நாங்க பார்க்கிறது அவ்வளவுதான். எந்த மரம், ரோட்டோரமா உள்காடான்னு எங்களுக்கே தெரியாது, தெரிஞ்சுக்க வழியும் இல்ல. பட்டைத் துண்டும் மண்ணும் நிறைய கலந்திருக்கும். பொறுக்கி, புடைச்சு, வெயில்ல போட்டுத்தான் விக்கிறோம். ஆயாகிட்ட வறுக்கிறதுக்கு முன்னாடி நல்லா புடைக்கச் சொல்லுங்க.

ஐயா சொன்னதைப் பார்த்தா எங்கேர்ந்து வந்ததுன்னு எழுதி வாங்கணும் போல. அடுத்த கொள்முதல்ல கேட்டுப் பார்க்கிறேன்.


வளவு_மெய்யம்மை

ஐயா, ரொம்ப நன்றி. மல்லி மிளகாய் கணக்கை ஆயா ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டார்கள். பலசரக்கு அண்ணனுக்கும் நன்றி.

இரண்டு சந்தேகம் மிச்சம். மைத்ரி போன்ற நிலையத்தின் பக்கத்தில் எடுத்த லைக்கனில் ஈயம் கூடுதலாக இருந்தால், அது நிலையத்தின் மாசு என்று நேரடியாகச் சொல்லலாமா? ஆர்க்டிக்கில் உருக்காலைகளுக்கு மிக அருகே மாதிரியே எடுக்காமல் தள்ளித் தள்ளி எடுத்திருக்கிறார்கள். மாசு அதிகமுள்ள இடத்தில்தானே எடுக்க வேண்டும்?


அமிலக்குடுவை, திருச்சி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ஐசிபி-எம்எஸ் என்ற, உலோகங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் கருவியில் தினமும் உட்காருகிறவன். அட்டவணையை நம்பலாமா என்று பார்க்க, கட்டுரையின் செய்முறைப் பகுதியில் நான் தேடுவதைச் சொல்கிறேன்.

ஸ்டீல் கத்தியால் எடுத்தார்களா? அப்படியென்றால் குரோமியம், நிக்கல் எண்களைக் கண்டுகொள்ளாதீர்கள். பிளாஸ்டிக், பீங்கான், டைட்டேனியம் இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். பவுடர் போட்ட கையுறையிலிருந்து துத்தநாகம் வரும். மாதிரியே போடாமல் நைட்ரிக் அமிலத்தை மட்டும் அதே குடுவையில் செரித்துப் பார்த்த வெற்று அளவு கொடுத்திருக்கிறார்களா? துருவ லைக்கனில் சில உலோகங்கள் அவ்வளவு குறைவு, வெற்று அளவு தெரியாவிட்டால் அளந்தது லைக்கனையா குடுவையையா என்றே சொல்ல முடியாது. கூடவே, அளவு சான்றளிக்கப்பட்ட லைக்கன் தூளை ஓட்டியிருக்க வேண்டும். பிசிஆர்-482, ஐஏஇஏ-336 என்ற இரண்டும் அதற்கென்றே தயாரித்தவை.

கழுவுவதா வேண்டாமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை. கழுவினால் மேல்தூசி போகும், ஆனால் பொட்டாசியம் போன்றவையும் கரைந்து வெளியேறும். கழுவிய எண்ணையும் கழுவாத எண்ணையும் ஒரே அட்டவணையில் ஒப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.


மைத்ரி_கோடை

குடுவைக்காரர் சொன்னது அத்தனையும் சரி. வெற்று அளவு பற்றிச் சொன்னதைத் தனி ஸ்லைடாகவே போடு ஆத்தா.

நிலையத்தின் மாசு என்று ஒரே மாதிரியை வைத்துச் சொல்லக் கூடாது. தூரத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். நிலையத்திலிருந்து காற்று போகும் திசையில் ஒரு வரிசை, காற்று வரும் திசையில் ஒரு வரிசை, ஒரே இனம், ஒரே மாதிரியான பாறை. விலக விலகக் குறைந்துகொண்டே போனால் நிலையம்தான். எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் வெகுதூரத்திலிருந்து வந்தது அல்லது மண். ஷிர்மாக்கரில் இதற்கும் ஒரு முட்டுக்கட்டை. அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து அடிக்கும். மைத்ரிக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம் 1961 முதல் இருக்கிறது. மைத்ரிக்குக் காற்று வரும் திசை சுத்தமான திசை அல்ல. ஒப்பீட்டு இடத்தை வரைபடத்தைப் பார்த்து ஒரு பக்கமாகத் தேர்ந்துவிட முடியாது. வயதையும் பார்க்க வேண்டும். பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தில் விழுந்தது பழைய உடம்பில் இன்னும் இருக்கும். நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் நின்றது 2000-இல், உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல். அஸ்னியாவின் நுனி இளசு, அடி முற்றல். அண்மைக் காலம் வேண்டுமென்றால் நுனியை எடுக்க வேண்டும்.

தூர வரிசைக்கு நல்ல உதாரணம் அலாஸ்காவின் ரெட் டாக் துத்தநாக, ஈயச் சுரங்கம். 1989-இல் தொடங்கியது. தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் லாரிச் சாலை ஒரு பாதுகாக்கப்பட்ட தேசியப் பகுதிக்குள் செல்கிறது. அங்கே தரையில் படரும் மாஸ் என்ற பாசிச்செடியை எடுத்து அளந்தார்கள். சாலையை ஒட்டி ஈயமும் காட்மியமும் எகிறி, விலக விலகச் சரிந்தன. லைக்கன் வகைகளும் சாலையோரத்தில் குறைந்திருந்தன. மூலம் உலையோ வானமோ அல்ல, லாரியிலிருந்து சிந்திய தாதுத் தூள் என்று அந்தச் சரிவே காட்டிவிட்டது. பின்னர் லாரிகளுக்குத் தார்ப்பாய் போய்க் கெட்டியான மூடி வந்தது. அளந்ததால் ஒன்று மாறியது என்று சொல்ல முடிகிற இடம் இது, விட்டுவிடாதே.

உருக்காலைக்கு அருகே ஏன் எடுக்கவில்லை என்றால், அங்கே லைக்கனே இல்லை. ரஷ்யாவில் கோலா தீபகற்பத்தின் மொஞ்செகோர்ஸ்க், நிகெல், சைபீரியாவின் நோரில்ஸ்க் எல்லாம் நிக்கல், செம்பு உருக்கிய ஊர்கள். நோரில்ஸ்க் மட்டும் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னை ஒட்டிக் கந்தக டை ஆக்சைடு விட்டுக்கொண்டிருந்தது. உலோகம் சேர்வதற்கு முன்பே கந்தகப் புகை லைக்கனைக் கொன்றுவிடும். பாரிஸின் லக்ஸம்பர்க் தோட்டத்தில் லைக்கன்கள் மறைவதை நைலாண்டர் என்ற லைக்கன் ஆய்வாளர் 1866-இலேயே குறித்துவைத்தார். ஆகவே அட்டவணையில் உள்ள உச்ச அளவு உண்மையான உச்சம் அல்ல, உயிர் பிழைத்த லைக்கன் தாங்கிய உச்சம். இந்த ஒரு வரியை நீ சொன்னால் பேராசிரியர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நிகெல் உருக்காலையை 2020 டிசம்பரில் மூடிவிட்டார்கள். அங்கே லைக்கன் திரும்புவதைப் பார்ப்பது இனி வரும் உன்னைப் போன்றவர்களின் வேலை.

மாதிரி எடுப்பதைப் பற்றியும் ஒரு பத்தி வை. அண்டார்டிகாவின் மக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகளில் பியூலியா ஃப்ரிஜிடா என்ற லைக்கன் 100 ஆண்டில் 1 மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. கை நிறையப் பிடுங்கினால் நம் பேரன் காலத்திலும் அந்த இடம் மொட்டையாகத்தான் இருக்கும். 1991-இல் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த, அண்டார்டிகச் சுற்றுச்சூழலைக் காக்கும் மாட்ரிட் நெறிமுறை இருக்கிறது, நமக்கென்று 2022-இன் இந்திய அண்டார்டிகச் சட்டமும் இருக்கிறது. அனுமதி வாங்கித்தான் எடுக்க முடியும். சட்டம் இருக்கட்டும். அரை கிராம் போதும் என்று கருவி சொல்லும்போது ஒரு கைப்பிடி எடுப்பவர்களை என்னால் பொறுக்க முடியாது.

ஆயாவுக்கு: கல்பாசியும் காற்றைக் குடித்து வளர்வதுதான். பறித்த இடத்துக் காற்று எப்படியோ அப்படித்தான் அதுவும். ஆனால் ஒரு சட்டிக் குழம்புக்கு ஒரு சிட்டிகை. அதையே முழு உணவாகத் தின்னும் துருவ மானின் கதை வேறு. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது கதிரியக்கச் சீசியம் லைக்கனில் இறங்கி, லைக்கனைத் தின்ற மானில் ஏறி, மான் கறியை நம்பி வாழும் வட ஐரோப்பாவின் ஸாமி மக்கள் பாடுபட்டார்கள். நார்வே அந்தக் கறிக்கான வரம்பைக் கிலோவுக்கு 600 பெக்கரலிலிருந்து (கதிரியக்கத்தின் அலகு) 6,000-க்கு உயர்த்த வேண்டிவந்தது. நம் அடுப்படிக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. மலைச்சாலை ஓரத்தில் பறித்ததைத் தவிர்த்து, புடைத்து, வறுத்துப் போடட்டும். பலசரக்குத் தம்பி ஊர் பெயர் கேட்டு வாங்குவேன் என்றது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

கடைக் கல்பாசியைச் சோதித்து ஒரு வரைபடம் போடலாமா என்று உனக்குத் தோன்றும். வேண்டாம். பிறந்த இடம் தெரியாத லைக்கன் எந்த ஊர்க் காற்றையும் சொல்லாது.

நீ படித்த கட்டுரைகளில் எவற்றில் உள்ளூர்ப் பாறையின் அலுமினிய அளவு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து இங்கே எழுது. அது இல்லாத கட்டுரையை முதன்மைச் சான்றாக வைக்காதே. இருப்பதில் ஒன்றை எடுத்து, செறிவூட்டல் கணக்கை நாம் இருவரும் இங்கேயே வரி வரியாகப் போட்டுப் பார்க்கலாம்.